ஈயோட்டும் தொழில்

வேலையின்றி வாளாவிருப்பவனை ‘ஈயோட்டுகிறான்’ என்பது நம் நாட்டு வழக்கு. வாங்குவோர் வாராத கடையின்கண் அமர்ந்து, வெல்லத்தின்மீது மொய்ப்பவற்றை விசிறியால் விலக்கிக்கொண்டிருக்கும் வணிகனைக் கண்டு எழுந்த வழக்குப் போலும் இது. ஓட்டப்பட்ட ஈ ஒருமுறை வட்டமிட்டு மீண்டும் அவ்விடத்தே வந்தமரும், வணிகன் மீண்டும் விசிறுவான், பொழுதும் போகும். தொழில் போலத் தோன்றித் தொழிலாகாத ஒன்றுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

இத்தொழிலை உண்மையாகவே மேற்கொண்டிருப்போர் ஒரு சாரார் பழனி மலையில் உளர். கொடைக்கானலிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் முயல், கினிப்பன்றி முதலிய சிற்றுயிர்களை இல்லத்தினுள்ளே கூண்டிட்டு வளர்ப்போரே அவர். அவர்தம் இல்லம் புகுந்தால், கூண்டின்மேல் பசைத்தாள் தொங்குவதையும், ஒரு மூலையிற் சாம்பிராணி புகைவதையும், மறுமூலையில் நச்சுமருந்துக் குப்பி நிற்பதையும், இவை யாவற்றிற்கும் நடுவே ஈக்கள் தம் விருப்பம்போற் பறந்து திரிவதையும் காணலாம். இவர்கள் ஈயைப் பகையெனக் கொண்டு அதனோடு போர்புரிகின்றனர். அப்போர் தவறான களத்தில் நடைபெறுகின்றது என்பதே நம் கருத்து. கூண்டருகே பறக்கும் ஈக்களெல்லாம் சாளரத்தின் வழியே வந்த விருந்தினர் அல்ல. அவற்றுட் பல அக்கூண்டின் ஈரப் படுக்கையிலேயே பிறந்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள். பிறப்பிடத்தைத் தொடாது, பறப்பதை மட்டும் அடித்துக்கொண்டிருப்பவர் அந்த வணிகனினும் வீணர். அவனுக்காவது வெல்லம் எஞ்சும்.

கினிப்பன்றி என்பது பன்றியுமன்று. கினி நாட்டில் தோன்றியதுமன்று. எலி, அணில் முதலியவற்றோடு ஒரு வகுப்பில் வைத்தெண்ணப்படும் கொறிக்கும் உயிர் அது. ஏறக்குறைய ஒரு சாண் நீளமும், உருண்ட உடலும், வெளித்தோன்றாத வாலும் உடையது. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடரில் வாழும் மக்கள் மூவாயிரம் ஆண்டுகட்கு மேலாக இதனை வீட்டில் வளர்த்து வருகின்றனர். நாம் அழகுக்காக வளர்ப்பதை அவர் உணவுக்காக வளர்ப்பர். வழிவழியாக அவர்கள் இதனைக் கூண்டில் அடைத்ததில்லை. அடுக்களைத் தரையிலே, அடுப்பின் வெப்பம் படுமிடத்தில், உலவவிட்டனர். உருளைக்கிழங்கும் அம்மலையினின்றே உலகெங்கும் பரவிற்று. ஓரூரிற் பிறந்த இவ்விரண்டும் கடல் பல கடந்து வந்து, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், ஒன்று தோட்டத்திலும் மற்றொன்று கூண்டிலுமாக, மீண்டும் அண்டை வீட்டாராயின.

இச்சிற்றுயிர்க்கு மனிதகுலம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1882ஆம் ஆண்டில் இராபர்ட்டு காக்கு என்னும் செருமானிய அறிஞர் காசநோயின் கிருமியைக் கண்டு நிறுவியபோது அவர்க்கு உதவியது கினிப்பன்றியே. நார்வே நாட்டு அறிஞர் ஓல்சுட்டு, பிரோலிக்கு இருவரும் 1907இல் இதற்குப் பசிய உணவை விலக்கித் தானியம் மட்டும் தந்தபோது இதற்கும் மாலுமிகளைப் போலவே பல்லீறு நோய் வந்தது. வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தைப் பற்றிய அறிவு வளர அதுவே வழிகோலிற்று. நம்மைப் போலவே இவ்வுயிரும் அச்சத்தைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள வல்லதன்று. சென்னைக் கிண்டியில் 1948இல் நிறுவப்பெற்ற பி.சி.ஜி. ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்ற தடுப்பு மருந்து தீங்கற்றது என்பதற்கும் கினிப்பன்றியே சான்று பகர்ந்துள்ளது. பி.சி.ஜி. ஊசியின் தழும்பைத் தோளிற் கொண்ட நாம், இதன் கூண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் மிகையாகாது. தமிழ் பயில்வோர்க்கு இது வேண்டாத வேலை என நகைப்பார் உளராயின், அவர்க்கு விடை பின்னர்க் கூறுவோம்.

இனி, ‘குளிரூரில் ஈ ஏது?’ என்று வினவுவார் உளர். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய நாள்தொட்டு, மலையென்றால் நலம் என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. அதில் உண்மையும் உண்டு. ஈயின் வளர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது. மதுரை வெயிலில் ஏழெட்டு நாளில் முடிவது, குளிர்ந்த வெளியிடத்தில் பல வாரங்கள் நீளும். ஆயினும் வினவுவோர் ஒன்றை மறந்தனர். கூண்டு இருப்பது வெளியில் அன்று.

அஃது ஏன் உள்ளே வந்தது என ஆராய்தல் வேண்டும். திசம்பர், சனவரித் திங்களின் இரவுகளில் கொடைக்கானலின் புற்றரையில் உறைபனி படியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ மூடுபனி வாயில்வரை வந்து நிற்கும். கடுங்குளிரையும் ஈரக்காற்றையும் கினிப்பன்றி தாங்காது. சளி நோயுற்று விரைவில் இறக்கும். இரவில் நாயும் மரநாயும் திரியும் அச்சமும் உண்டு. ஆதலின் வீட்டார் கூண்டை உள்ளே கொணர்கின்றனர். உள்ளேயும் எங்கு வைப்பர்? அடுக்களையில், அடுப்புக்கு அணித்தாக. குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்தும் விடுகின்றனர். இப்பொழுது அக்கூண்டின் அடித்தளத்தை நோக்குங்கள்: இளஞ்சூடு, ஈரம், இருள், அழுகும் இலை, காற்றோட்டமின்மை. ஈயானது தான் முட்டையிட விரும்பும் இடத்தை வரைந்து காட்டெனின் இதனையே வரையும். வெளியே பனி படிய, உள்ளே ஒரு சிறு சமவெளியை நாமே படைத்து வைத்திருக்கின்றோம். தோட்டங்களிற் குவிக்கப்படும் பச்சையெருவும், ஏரியைச் சுற்றி வாடகைக்கு நடக்கும் குதிரைகளின் சாணமும் முதல் ஈயைத் தருகின்றன என்பது மெய்யே. தன் பெயரை மறந்த ஈ ஊரெல்லாம் வினவி இறுதியிற் குதிரையிடத்தே அதனை அறிந்துகொண்ட கதையை நாம் குழந்தைப் பருவத்திற் கேட்டிருக்கின்றோம். குதிரைக்கும் ஈக்கும் உள்ள நட்பு அத்துணைப் பழையது. ஆயினும் குதிரையிடமிருந்து வந்த ஓர் ஈயை நூறாக்கியது நம் கூண்டு.

அது நூறாகும் வகை அறியத்தக்கது. வீட்டு ஈ ஒருவேளைக்கு 100 முதல் 150 முட்டைகள் வரை இடும். தன் சின்னாள் வாழ்வில் இவ்வாறு பலவேளை இடும். முட்டை வெப்பமான இடத்தில் ஒரு நாளைக்குள் பொரிக்கும். வெளிவரும் புழு 4 முதல் 7 நாள்வரை ஈரத்திலே உண்டு வளரும். இங்கேதான் பலரும் அறியாத செய்தி ஒன்று உளது. வளர்ந்து முற்றிய புழு ஈரத்தில் தங்குவதில்லை. கூட்டுப்புழுவாகும் பொருட்டு உலர்ந்த இடந்தேடி ஊர்ந்து செல்லும். கூண்டின் அடிப்பலகை இடுக்கிலும், சுவரோரத்திலும், தரைவிரிப்பின் கீழும் போய் ஒடுங்கும். அங்கே செம்பழுப்பான சிறு குப்பி போன்ற ஓட்டினுள் மூன்று முதல் ஆறு நாள் கிடந்து, பின் ஈயாக எழும்.

நம் வீடுகளிற் கூண்டு தூய்மை செய்யும் நாள் யாது? சனிக்கிழமை. பள்ளி விடுமுறையாதலின் வாரத்துக்கொருமுறை என்பது எங்கும் வழக்கமாயிற்று. எழுதி வைத்தாற்போல் ஏழு நாள். அடுப்பருகே ஆறாம் நாளிற் புழு படுக்கையை விட்டு நீங்கிவிட, ஏழாம் நாள் நாம் படுக்கையை அகற்றுகின்றோம். திருடன் போன பின்பு கதவைத் தாழிடுவது போல்வது இது. கூண்டு பளபளக்கின்றது, நறுமணமும் கமழ்கின்றது, திங்கட்கிழமை சுவரோரத்தினின்று ஈக்கள் புறப்படுகின்றன. ‘இத்துணைத் தூய்மை செய்தும் ஈ போகவில்லையே! இனி மருந்துதான் கதி’ என வீட்டார் முடிவு செய்கின்றனர். அவர் தூய்மையிற் குறைவு இல்லை, நாட்கணக்கிலேதான் குறை.

ஆகவே வாரக்கணக்கை விட்டொழிக்க வேண்டும். கினிப்பன்றி பெரும்பாலும் ஓரிரு மூலைகளையே சிறுநீர் கழிக்கத் தெரிந்துகொள்ளும். நாடோறும் காலையில் அம்மூலைகளில் நனைந்ததை மட்டும் வாரி எடுத்தல் ஐந்து நிமிட வேலை. மூன்று நாளுக்கொருமுறை படுக்கை முழுவதையும் மாற்றுதல் வேண்டும். கூண்டைத் தன்னிடத்தினின்று நகர்த்தி, அதன் அடியையும் பின்புறத்தையும் சுவரோரத்தையும் பெருக்குதலும் அன்றே செய்யற்பாலது. பலர் கூண்டின் உள்ளைக் கழுவுவர், அதனடியைக் காண்பதேயில்லை. இதன் உலர்ந்த பிழுக்கை அத்துணைத் தீங்குடையதன்று. நீரும் சிறுநீரும் கலந்த வைக்கோலும், தின்று மிஞ்சிய இலையுமே ஈயின் தொட்டில். நீர்க்குப்பியின் மூக்கினின்று சொட்டும் துளியை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஓர் இரவு முழுதும் சொட்டினால் அம்மூலை சேறாகிவிடும். குப்பியின்கீழ் ஒரு சிறு தட்டை வைத்தல் எத்துணை நச்சுமருந்தினும் மேலானது.

இலையைப் பற்றியும் ஒரு சொல். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்களிற் கேரட்டும் முட்டைக்கோசும் மலிவாதலின், நம் மலையிற் சிற்றுயிர் வளர்ப்போர் தாராள மனத்தினர். கைப்பிடி இலை வேண்டுமிடத்து ஒரு கட்டையே கூண்டினுட் போடுவர். உயிர்ச்சத்துக்காகப் பசிய உணவு நாடோறும் வேண்டும் என்பது உண்மை. அவ்வுணவு நாள் முழுதும் கிடந்து அழுக வேண்டும் என்பதன்று. காலையில் இட்டதில் மிஞ்சியதை நண்பகலுக்குள் எடுத்துவிடுவார் வீட்டில், கொசுவினும் சிறியதாய்ச் செந்நிறக் கண்ணுடன் தயங்கித் தயங்கிப் பறக்கும் பழ ஈயைக் காண்பது அரிது.

பரப்புவது யாது என்பதும் மலையில் ஒரு தனிச் சிக்கலாகும். இங்கே எளிதிற் கிடைப்பது மரச்சீவல். அது பெரும்பாலும் பைன் மரத்தது, அல்லது யூக்கலிப்டசு மரத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தினின்று இம்மலையில் வேற்று நாட்டு மரங்கள் காடுகாடாக வளர்க்கப்பட்டன. அச்சீவலின் நறுமணம் ஈயை ஓட்டும் என்று நம்பி அதனைப் பச்சையாகவே பரப்புவோர் உளர். அம்மணத்துக்குக் காரணமான எண்ணெய், மூடிய அறையில் நாளெல்லாம் அதனை முகர்ந்து கிடக்கும் சிற்றுயிரின் மூச்சுக்குழலுக்குக் கேடு செய்வது. அதனினும் பழைய செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் உலர்ந்த புல்லை இடுதல் நலம். மூடுபனிக் காலத்திற் புல்லும் நமுத்துப்போகும், ஆதலின் அடுப்பருகே வைக்க வேண்டியது புற்கட்டு, கூண்டு அன்று.

பழனி மலைக்குப் பொதினி என்று பண்டைப் பெயர். அதன் தலைவன் பேகன், குளிரால் நடுங்கியதெனக் கருதி மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதைத் தமிழுலகம் அறியும். மயில் போர்த்துமோ உடுத்துமோ என அவன் எண்ணியதில்லை. அதனைப் புலவர் கொடைமடம் என்றனர். பேகனின் மரபு இன்றும் அற்றுப்போகவில்லை என்பதற்குச் சான்று, கினிப்பன்றிக் கூண்டினுள் மடித்து வைக்கப்பெற்றிருக்கும் கம்பளித் துணி. அன்பினால் இட்ட துணிதான். இரண்டு நாளில் அது சிறுநீரில் ஊறி, வெதுவெதுப்பாய், ஈயின் முட்டைக்கு ஏற்ற மெத்தையாகி விடுகின்றது. மயிலாவது போர்வையை உதறிவிட்டுப் பறந்திருக்கும். கூண்டிலுள்ளது எங்கே போகும்? துணியிட விரும்புவோர் இடுக. நாடோறும் மாற்றித் துவைத்து உலர்த்த இயலுமாயின் இடுக. மேகம் சூழ்ந்த கொடைக்கானலில் அஃது எளிதன்று.

மன்னவனூரில், நடுவண் அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965ஆம் ஆண்டு முதல் உளது. ஆட்டோடு முயலும் அங்கே வளர்க்கப்படுகின்றது. வெள்ளை இராட்சத முயல், சோவியத்துச் சின்சில்லா முயல் ஆகியன அங்கிருந்து பல ஊர்களுக்கும் சென்றுள்ளன. முயற்பண்ணைகளில் உயரத்தில் அமைந்த கம்பிவலைக் கூண்டுகளைக் காணலாம். பிழுக்கையும் சிறுநீரும் வலையின் வழியே கீழே விழுந்துவிடும். உயிர் வேறு, கழிவு வேறு. ஈயை அடக்குவதற்கு இது நல்லதோர் அமைப்பு. ஆனால் அதனைக் கண்டுவந்து, அவ்வாறே கினிப்பன்றிக்கும் கம்பித்தளம் அமைப்பது பெருந்தவறு. முயலின் பாதத்துக்கு அடர்ந்த மயிர்க் காப்பு உண்டு. கினிப்பன்றியின் உள்ளங்காலோ மயிரற்றது, மென்மையானது. கம்பியில் நின்று நின்று அது புண்பட்டு வீங்கிச் சீழ்கொள்ளும். அப்புண்ணை நாடியும் ஈ வரும். ஓர் ஈயை விலக்கப் போய் மற்றோர் ஈக்கு விருந்து வைத்ததாக முடியும். ஆதலின் கினிப்பன்றிக்குத் திண்ணிய தரையே வேண்டும்; திண்ணிய தரைக்கு மனிதனின் கை வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

குறுக்குவழி என்றவுடன் நினைவுக்கு வருவது நச்சுமருந்து. 1939இல் பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தபோது, ஈயினமே உலகினின்று ஒழிந்துவிடும் எனப் பலர் நம்பினர். ஏழெட்டாண்டுகள் கழிவதற்குள்ளாகவே சுவீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்கு அஞ்சாத ஈக்கள் தோன்றிவிட்டன. மருந்துக்குத் தப்பிய சில ஈக்கள் தம் வன்மையை வழித்தோன்றல்களுக்கு ஈந்தன. இருவாரத்துக்கொரு தலைமுறை காணும் இனத்துக்கு இது பெரிய செயலன்று. அதன் பின்னர் வந்த மருந்துகளுக்கும் பெரும்பாலும் இக்கதியே நேர்ந்தது. ஈக்கு நேர்ந்தது இவ்வாறாக, கூண்டிலுள்ள உயிர்க்கு நேர்வது யாது? தெளித்த நஞ்சு அதன் உணவிலும் மயிரிலும் படிகின்றது. அது தன் மயிரைத் தானே நக்கித் தூய்மை செய்யும் இயல்பினது. வீட்டிலுள்ள மனிதர் மருந்தடித்த அறையைவிட்டு அரைமணி நேரம் வெளியே போய் நிற்பர். அதற்கோ வெளியே போக வாயில் இல்லை.

செவ்வந்தி இனத்துப் பைரீத்ரம் என்னும் செடியின் பூவினின்று எடுக்கப்படும் மருந்து இவற்றுள் மென்மையானது என்பர். குளிர்ந்த மலைகளில் வளரும் செடி அது. கொடைக்கானல் போன்ற இடங்களுக்கு ஏற்றதே. பூவிற் பிறந்ததாயினும் நஞ்சு நஞ்சே. ஈ என்னும் பெயர் தேனீக்கும் உண்டு. மருந்துக்கு அவ்விரண்டன் வேற்றுமை தெரியாது. தேனுக்குப் பேர்போன மலையில் வாழ்வோர் இதனை நினைத்துப் பார்த்தல் தகும்.

சாம்பிராணி, வேப்பிலைப் புகை, கற்பூரம் ஆகியவற்றைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. புகையும் வரை ஈ விலகி நிற்கும். புகை அடங்கியதும் திரும்பும். இடையில் மூச்சுத் திணறியது யார் என்பது வெளிப்படை. பசைத்தாளையும் வலைத்திரையையும் நாம் மறுக்கவில்லை. சாளரத்துக்குச் சிறுகண் வலை அடித்தல் மிக நன்று. காற்று வரும், ஈ வாராது. பசைத்தாள் கூண்டினின்று எட்ட இருப்பின் தீங்கில்லை. அதிலொட்டிய ஈக்களை நாடோறும் எண்ணி வருதல் ஒருவகையிற் பயனுடையது. எண்ணிக்கை ஏறுமாயின், எங்கோ ஓர் ஈரம் நம் கண்ணுக்குத் தப்பியது எனத் தெரிந்துகொள்ளலாம்.

தமிழ் மாணவர்க்கு இதில் யாது வேலை என்னும் வினாவுக்கு இங்கே விடை கூறுவோம். தூதுப் பிரபந்தங்களில் தூது செல்லும் பொருள் பத்து என வகுத்தனர்: அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. வண்டுக்கு இடம் தந்த புலவர் ஈக்கு இடம் தந்தாரில்லை. ஆயினும் கூண்டின்மேல் வந்தமரும் ஈயைவிடத் தெளிவாகச் செய்தி கூறும் தூது பிறிதில்லை. தேங்கிய சிறுநீரினின்று எழும் அம்மோனியா என்னும் காரக்காற்று, நம் மூக்குக்கு எட்டுமுன் தரையோடு தரையாய்க் கிடக்கும் அவ்வுயிரின் மூச்சை அரிக்கத் தொடங்கும். ஈயோ அழுகலின் நாற்றத்தைத் தொலைவிலேயே அறியும். ‘இங்கே வாயில்லா உயிரொன்று தன் கழிவின்மேலேயே படுத்திருக்கின்றது’ என்பதே அது கொணரும் செய்தி. தூதனைக் கொல்லுதல் முறையன்று என்று இலங்கை வேந்தனுக்கு வீடணன் எடுத்துரைத்தான். நாமோ தூதனை அடித்துக் கீழே தள்ளிவிட்டுச் செய்தியைக் கேளாது போகின்றோம்.

அச்செய்தியைக் கேளாதார் அடையும் விளைவு கொடியது. வீட்டு ஈயினும் பெரியதாய், பசுமை மின்னும் உடலோடு இரைந்து வரும் ஈ ஒன்றுண்டு. நனைந்து மலம் படிந்த மயிரில், சிறப்பாகக் கினிப்பன்றியின் பின்புறத்தில், அஃது முட்டையிடும். முட்டைகள் நொய்யரிசி போல் வெண்மையாய்க் கற்றையாக ஒட்டியிருக்கும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் அவை பொரித்து, வெளிவந்த புழுக்கள் தோலைத் துளைத்து உயிரோடிருக்கும் தசையை உண்ணத் தொடங்கும். ஆட்டின் புழுப்புண்ணை அறிந்த மலைவாழ் மக்களுக்கு இது புதிதன்று. ஆனால் ஆட்டின் உடலும் ஒரு சாண் உயிரின் உடலும் ஒன்றோ? ஆடு பல நாள் தாங்கும். இஃது ஓரிரு நாளில் இறந்துபடும். ஓலமிடும் உயிருமன்று, நோயுற்றால் மூலையில் ஒடுங்கி வாளாவிருப்பதே இதன் இயல்பு. கொழுத்துத் தன் பின்புறத்தைத் தானே நக்கித் தூய்மை செய்ய மாட்டாதது, முதுமையுற்றது, கழிச்சல் கண்டது, புண்ணுடையது, நீண்ட மயிருடையது ஆகியவற்றுக்கு இத்துன்பம் எளிதில் வரும். ஆகவே ஈ மிகுந்த நாட்களில் காலையும் மாலையும் கையிலெடுத்து, புரட்டிப் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். முட்டையோ புழுவோ காணின் கால்நடை மருத்துவரிடம் அன்றே, அப்பொழுதே, கொண்டு செல்ல வேண்டும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைன் எண்ணெயையும் பினாயிலையும் இதன்மேல் ஊற்றுவது புழுவோடு உயிரையும் போக்கிவிடும். மேல்மலை ஊர்களிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் வழி நெடியது என்பதை நாம் அறிவோம். அதனாலேயே நாடோறும் பார்த்தல் இன்னும் இன்றியமையாததாகின்றது.

இவ்வளவும் செய்பவர் யார்? இது கேட்பதற்குக் கசப்பான வினா. கினிப்பன்றி வேண்டுமென அழுபவர் பிள்ளைகள். வாங்கித் தருபவர் தந்தையர். முதல் திங்கள் கழிந்தபின் கூண்டின் பக்கம் குனிபவர் தாய்மார். முன்னரே நீர்சுமந்தும் தோட்டவேலை செய்தும் அடுக்களை காத்தும் ஓயும் கையில் இன்னொரு துடைப்பத்தைத் தந்துவிட்டு, ஈ மொய்க்கின்றதே என அவரையே கடிந்துகொள்ளும் ஆடவரைக் காண நாணுகின்றோம். துடைப்பம் பிடிக்கும் அகவை வராத பிள்ளைக்குக் கூண்டு வாங்கித் தரலாகாது என்பது நம் துணிபு. துடைப்பம் பிடிக்கும் அகவை கடந்தும் பிடியாத ஆடவருக்கும் அதுவே பொருந்தும். விடுமுறைக்கு மலையேறிச் செல்லும் நம் தோழர்கள், அங்கே தம் இல்லத்திற் கூண்டிருப்பின், முதல் நாட் காலையில் அதனை நகர்த்தி அடியிற் பெருக்கிப் பார்ப்பாராக. செம்பழுப்பான ஓடுகள் எத்தனை கிடைக்கும் என்பதை முன்னரே ஊகித்து வைத்தல் நன்று; ஊகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

வாரியெடுத்த கழிவை எங்கே இடுவது என்பது ஒன்றே எஞ்சியுளது. வாயிலருகே குவித்தால் கூண்டின் ஈ குப்பையின் ஈயாக மாறுமேயன்றி வேறில்லை. வீட்டினின்று எட்ட ஒரு குழி அகழ்ந்து, ஒவ்வொரு முறையும் இட்டதன்மேல் மண் மூடுதல் வேண்டும். தளர்ந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு ஈ மேலே வரவல்லது. ஆதலின் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். குவித்து மக்கவைப்போர் குவியலை அடிக்கடி கிளறிவிடின் அதன் நடுவில் எழும் வெம்மையே புழுவைக் கொன்றுவிடும். மக்கிய பின் அது தோட்டத்துக்கு நல்ல எரு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டின் பாத்திக்கும், கூண்டுக்கு இலை தந்த கேரட்டுப் பாத்திக்கும் அதனை இடலாம். ஆண்டீசு மலையின் குடியானவர் தம் அடுக்களைத் தரையிற் கூட்டியெடுத்த பிழுக்கையை உருளைக்கிழங்கு நிலத்துக்கே கொண்டு செல்கின்றனர்.